முதலில் விழப் பழகட்டும்

பெரம்பலூர் மாவட்டத்துச் செட்டிகுளம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு நினைவுக்கு வரும். ஒன்று, குன்றின் மேல் கையில் கரும்போடு நிற்கும் தண்டாயுதபாணி. மற்றொன்று, சின்ன வெங்காயம். அந்த ஊரின் அன்றாட வேலைகளைக் கொஞ்சம் கவனித்துப் பார்த்தால் மூன்றாவதாக ஒன்றும் கண்ணில் படும். மனிதர்கள் விழுவதற்கு அங்கே எத்தனை இடம் இருக்கிறது என்பதே அது. தண்ணீர் பாய்ந்த வரப்பு வழுக்கும். மழை நனைத்த மலைப்படி வழுக்கும். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு லாரியின் பலகை ஏறுகிறவருக்குக் கால் வைக்கும் இடமே தெரியாது. ஆலத்தூர் கேட் வரை மொபெட்டில் போய் வருகிறவருக்குச் சாலையில் சிதறிக் கிடக்கும் மக்காச்சோள மணி போதும். வீட்டில் இருக்கும் பாட்டிக்கோ குளியலறையின் டைல்ஸ் தரை.

விழுந்தவர் என்ன செய்கிறார்? கையை ஊன்றுகிறார். மணிக்கட்டு போகிறது. மாவுக்கட்டோ புத்தூர்க் கட்டோ, ஆறு வாரத்துக்குக் கை தொங்குகிறது. கூலி வேலைக்குப் போகிறவருக்கு அந்த ஆறு வாரம் என்பது ஒரு பருவத்தின் வருமானம். 1814-ல் டப்ளின் நகர அறுவை மருத்துவர் ஆபிரகாம் கோலிஸ் விவரித்த மணிக்கட்டு முறிவு இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. பெரும்பாலும் அது நீட்டிய கையின் மேல் உடல் முழுதும் வந்து இறங்கும்போது நேர்வது. இருநூறு ஆண்டு கடந்தும் எலும்பு மருத்துவர்களின் அறைக்கு வெளியே அதே கை, அதே முறிவு, அதே காரணம்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு இதைவிடக் கடுமையானது. விழுந்து இறப்பவர்கள் உலகில் ஆண்டுக்கு 6,84,000 பேர். தற்செயல் காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். மருத்துவம் தேவைப்படும் அளவுக்கு அடிபட்ட விழுதல்கள் ஆண்டுக்கு 3 கோடியே 73 லட்சம். இறப்பவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஏழை நாடுகளையும் நடுத்தர வருவாய் நாடுகளையும் சேர்ந்தவர்கள். சாலை விபத்துக்குத் தலைக்கவசச் சட்டம் இருக்கிறது, 108 ஊர்தி இருக்கிறது, முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 முதல் இருக்கிறது. எல்லாம் நல்லவை. ஆனால் விழுவதைப் பற்றி நம் பள்ளிக்கூடம் பிள்ளைகளிடம் சொல்லும் ஒரே பாடம், ‘பார்த்துப் போ’.

பார்த்துப் போனாலும் விழுவோம். விழும்போது உடம்பை என்ன செய்வது என்பது கற்றுத்தரக்கூடிய ஒரு வித்தை. அதை முறையாகக் கற்றுத்தரும் இடம் தற்காப்புக் கலைக்கூடம்தான். அங்கே இதுவே முதல் பாடமாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டின் பெரும்பாலான வகுப்புகளில் அப்படி இல்லை.

ஜூடோவைப் பாருங்கள். 1882-ல் டோக்கியோவின் எய்ஷோஜி என்ற புத்தர் கோயிலில், பன்னிரண்டு பாய் விரித்த ஓர் அறையில், ஒன்பது மாணவர்களோடு ஜிகோரோ கானோ அதைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. எதிரியைத் தூக்கிப் போடுவது அந்தக் கலையின் உயிர். தூக்கிப் போடப்படுகிறவர் தினமும் எழுந்து வந்தால்தான் பயிற்சியே நடக்கும். ஆகவே விழும் முறை தனிப் பாடமாயிற்று. ‘உகேமி’ என்பது அதன் பெயர். புதிதாகச் சேர்ந்தவரை எடுத்த எடுப்பில் யாரும் தூக்கிப் போடக் கூடாது; அவர் முதலில் விழப் பழக வேண்டும். நல்ல ஜூடோக் கூடங்களில் இன்றைக்கும் இதுதான் ஒழுங்கு. கருப்புப் பட்டை வாங்கியவர்கூட அன்றைய பயிற்சியை விழுவதில்தான் தொடங்குகிறார்.

பின்பக்கம் விழுவதுதான் அடிப்படை. மல்லாந்து படுத்த நிலையிலேயே பாடம் ஆரம்பிக்கிறது. முகவாய் நெஞ்சை நோக்கி மடிந்திருக்க வேண்டும், கண் இடுப்புப் பட்டையின் முடிச்சைப் பார்க்க வேண்டும். இந்த ஒன்றுதான் பின்மண்டையைக் காப்பாற்றுகிறது. இரண்டு கைகளும் உடம்புக்குச் சற்றுத் தள்ளி, முழங்கை மடங்காமல், உள்ளங்கை முதல் மேற்கை வரை ஒரே நேரத்தில் தரையை அறைய வேண்டும். அறையும் கணத்தில் மூச்சு வெளியே போக வேண்டும். படுத்தபடி இது கைவந்த பிறகு உட்கார்ந்து, பிறகு குந்தி, அதன்பின் நின்று. குந்திய நிலையிலிருந்து உருளும்போது முதலில் தரையைத் தொடுவது பிட்டம், அப்புறம் வளைந்த முதுகு. தலை தரையைத் தொடுவதே இல்லை. கையை ஊன்றுவதும் இல்லை. கையை ஊன்றும் இயல்பை மறக்கடிக்கத்தான் பல வாரம் பிடிக்கும். பிறவியிலேயே வந்த பழக்கம் அது.

பக்கவாட்டில் விழுவது அடுத்தது. ஒரு கை தரையை அறைய, விலாவும் தொடையின் வெளிப்புறமும் சேர்ந்து இறங்கும். தோளும் இடுப்பு எலும்பின் முனையும் தனியாக மோதக் கூடாது. முன்பக்கம் விழுந்தால் முகத்துக்கு முன்னே முன்னங்கைகள் இரண்டும் படுகிடையாக இறங்க வேண்டும், முழங்கால் தரையில் இடிக்கக் கூடாது. கடைசியாக உருண்டு எழுவது. நம் ஊர்ப் பிள்ளைகள் வைக்கோல் போரில் போடும் குட்டிக்கரணம்தான் இது, ஒரு முக்கியமான வேறுபாட்டோடு. குட்டிக்கரணத்தில் பிள்ளைகள் உச்சந்தலையை ஊன்றி நேராகப் புரள்கிறார்கள். கழுத்துக்கு அது ஆபத்து. உகேமியில் கை, முழங்கை, தோள், அங்கிருந்து குறுக்காக எதிர்ப்புற இடுப்பு என்று உடம்பு உருளும். தலை ஒரு பக்கம் திரும்பி, முகவாய் மடிந்து, தரைக்கு மேலேயே கடந்து போய்விடும். வண்டியிலிருந்து தடுமாறி விழுகிறவருக்கும், ஓடும்போது கால் இடறியவருக்கும் மிகவும் பயன்படக்கூடியது இதுதான்.

இதில் மாயம் எதுவும் இல்லை. நிற்கிற ஒருவரின் தலை தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து தடையின்றி விழும் எந்தப் பொருளும் தரையைத் தொடும்போது மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். சிமெண்ட் தரையில் மண்டை அந்த வேகத்தில் மோதினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. அதே மோதலை முதுகு, தொடை, கை என்று அகலமான பரப்பிலும், உருண்டு கொண்டே சற்று நீண்ட நேரத்திலும் வாங்கிக்கொண்டால் எந்த ஒரு எலும்புக்கும் முழுச் சுமை வராது. ஒரே சுத்தியலடி ஆணியின் முனை வழியாக மரத்தைத் துளைக்கிறது, பலகையின் மேல் பட்டால் சத்தத்தோடு போய்விடுகிறது.

இந்தக் கலை இந்தியாவுக்கு நேற்று வந்ததும் அல்ல. 1929-ல் ரவீந்திரநாத் தாகூர் சின்சோ தகாகாகி என்ற ஜப்பானிய ஜூடோ ஆசானைச் சாந்தி நிகேதனுக்கு அழைத்து வந்தார். மாணவர்களோடு மாணவிகளும் அங்கே ஜூடோ பயின்றார்கள். பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென்னின் தாயார் அமிதா சென் சாந்தி நிகேதனில் ஜூடோ கற்றவர். பெண் பிள்ளைகள் பொது இடத்தில் ஓடுவதையே ஊர் முகம் சுளித்த காலத்தில், அவர்கள் பாயில் விழுந்து எழப் பழகியிருக்கிறார்கள். கிட்டத்தட்ட நூறு ஆண்டு ஆகிறது. அந்தப் பாடம் நம் பள்ளிக்கூடங்களின் வாசலை இன்னும் முறையாகத் தாண்டவில்லை.

தமிழ்நாட்டில் தற்காப்புக் கலைக்குக் குறைவில்லை. சிலம்பம் புது மதிப்போடு திரும்பி வந்திருக்கிறது. 2024 ஜனவரியில் சென்னை, திருச்சி, மதுரை, கோவை ஆகிய நகரங்களில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. கராத்தே வகுப்பு இல்லாத சிற்றூரே இல்லை எனலாம்; தெருமுனையில் வெள்ளைச் சட்டையோடு பிள்ளைகள் வரிசையில் நிற்பதைப் பெரம்பலூரிலும் பார்க்கலாம், அரியலூரிலும் பார்க்கலாம். பொங்கல் வந்தால் ஊருக்கு ஊர் கபடி. இவற்றில் விழாத கலை எது? கபடியில் விழுவதுதான் ஆட்டத்தின் பாதி. சிலம்பத்தில் காலடி வரிசை தவறினால் தடுமாற்றம். கராத்தேயில் உதை தூக்கும்போது நிற்பது ஒற்றைக் காலில்.

ஆனாலும் வகுப்பின் முதல் நாளில் பிள்ளைக்குச் சொல்லித்தரப்படுவது பெரும்பாலும் குத்து, உதை, வணக்கம். விழுவது எங்கோ பின்னால் வருகிறது, பல இடங்களில் வருவதே இல்லை. கபடி ஆடுகிற பையன் தன் உடம்பில் அடி வாங்கி வாங்கித் தானாகவே அதைக் கற்றுக்கொள்கிறான். கற்றுக்கொள்வதற்குள் தோள்பட்டை இறங்கிப்போனவன் ஆட்டத்தை விட்டே விலகிவிடுகிறான். ஆசான்கள் மீது குறை சொல்வது இதன் நோக்கமல்ல. பெற்றோர் கேட்பது ஓடு உடைக்கும் காட்சியும் பட்டைத் தேர்வும்தான். விழுந்து எழுவதை ஆண்டுவிழா மேடையில் காட்டினால் யார் கைதட்டப் போகிறார்கள்? கைதட்டல் கிடைக்காத பாடம் அட்டவணையிலிருந்து மெல்ல நழுவிவிடுகிறது.

அரசுப் பள்ளிகளில் நடக்கும் தற்காப்புப் பயிற்சியைப் பற்றி இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் ராணி லட்சுமிபாய் பெயரில் மாணவிகளுக்கான மூன்று மாதப் பயிற்சி உண்டு. கராத்தே, சிலம்பம், ஜூடோ என்று அந்தந்த இடத்தில் கிடைக்கும் பயிற்றுநரைப் பொறுத்து அது அமையும். மிக நல்ல திட்டம். கிராமத்துப் பெண் பிள்ளைகள் மைதானத்தில் குரல் எழுப்பிக் காலைத் தூக்கி உதைக்கும் காட்சி எந்தப் பெற்றோரையும் நிமிர வைக்கும். ஆனால் மூன்று மாதத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று வகுப்பு என்று வைத்துக்கொண்டால், அந்தப் பெண்ணுக்கு எந்தக் குத்து வாழ்நாள் முழுக்க நிற்கும்? குத்தும் உதையும் தொடர்ந்து பயிலாவிட்டால் மறந்துபோகும். தன்னைத் தாக்க வரும் ஒருவனிடம் அவற்றைச் சரியாகப் பயன்படுத்தும் நிலை அவளுக்கு வரவே கூடாது என்றுதான் எல்லோரும் விரும்புகிறோம். விழும் சந்தர்ப்பமோ கட்டாயம் வரும். பேருந்துப் படியில் வரும், ஈரத் தரையில் வரும், யாரோ பிடித்துத் தள்ளும்போதும் வரும். தாக்கப்படுகிற பெண் முதலில் தள்ளப்படவும் கூடும். மண்டை மோதாமல் விழுந்து உடனே எழத் தெரிந்தவளால் ஓட முடியும், கத்த முடியும். தற்காப்பு என்ற சொல்லுக்கு இதைவிட நேரான பொருள் கிடையாது.

ஆகவே அந்த மூன்று மாதத்தின் முதல் மாதத்தை விழும் பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கோரிக்கை. ஆனால் அதைச் செய்வதற்கு முன் ஜப்பானின் கதையை நம் கல்வித்துறை முழுசாகப் படிக்க வேண்டும். அது பெருமைக்கான கதை மட்டும் அல்ல.

விழும் கலையை உலகுக்குக் கொடுத்த அதே நாட்டில், 1983 முதல் 2011 வரை பள்ளி ஜூடோவில் 118 பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். நகோயா பல்கலைக்கழகத்தின் ரியோ உச்சிதா என்ற ஆய்வாளர் பள்ளி விபத்துப் பதிவுகளைத் தோண்டி எடுத்துத் தொகுத்த கணக்கு இது. பலருக்குக் காரணம் தலைக்காயம். மூளைக்கும் அதன் உறைக்கும் இடையே உள்ள இரத்த நாளம் கிழிந்து உள்ளுக்குள் இரத்தம் கட்டுவது. தலை தரையில் நேராக மோத வேண்டும் என்றுகூட இல்லை. வேகமாகச் சுழன்று சட்டென்று நின்றாலே அந்த நாளங்கள் கிழியக்கூடும். இறந்தவர்களில் கணிசமானோர் புதிதாகச் சேர்ந்த மாணவர்கள். உகேமி கைவருவதற்கு முன்பே பெரிய மாணவர்களால் தூக்கிப் போடப்பட்டவர்கள். எதிராளியின் காலைப் பின்னாலிருந்து வாரிப் பின்பக்கமாகச் சாய்க்கும் ‘ஓசோட்டோகாரி’ என்ற வீச்சு இதில் திரும்பத் திரும்பப் பேசப்பட்டது. பின்மண்டையை நோக்கி விழவைக்கும் வீச்சு அது.

பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் அமைப்பாகத் திரண்டு கேள்வி கேட்டார்கள். ஜப்பானைவிட அதிகம் பேர் பதிவு பெற்று ஜூடோ பயிலும் பிரான்சில் இப்படிப்பட்ட மரணங்கள் ஏன் இல்லை என்று கேட்டார்கள். பிரான்சில் ஜூடோ சொல்லித்தர அரசுத் தகுதிச் சான்று வேண்டும். ஜப்பானியப் பள்ளிகளிலோ மூத்த மாணவரும், கலையில் முழுப் பயிற்சி இல்லாத ஆசிரியரும் வகுப்பை நடத்துவது சகஜமாக இருந்தது. 2012 ஏப்ரலில் ஜப்பான் தன் நடுநிலைப் பள்ளிகளில் தற்காப்புக் கலையைக் கட்டாயப் பாடமாக்கியபோது இந்த விவாதம் நாடெங்கும் கொதித்தது. பாதுகாப்பு விதிகள் இறுகின. அடுத்த சில ஆண்டுகளில் மரணங்கள் பெரிதும் குறைந்தன. கலை மாறவில்லை. கற்றுத்தரும் ஒழுங்கு மாறியது, அவ்வளவுதான்.

இதிலிருந்து செட்டிகுளத்துப் பள்ளி மைதானத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டியவை தெளிவானவை. விழத் தெரியாத பிள்ளையை யாரும் தூக்கிப் போடக் கூடாது. முதல் பல வாரங்களுக்கு எல்லா விழுதலும் தானாக, தாழ்வாக, மெதுவாக இருக்க வேண்டும். பிறகு ஜோடியாகப் பயிலும்போது, வீசுகிறவர் கீழே போகிறவரின் சட்டைக் கையை விடாமல் பிடித்து மேல்நோக்கி இழுத்துத் தாங்க வேண்டும். விழுகிறவரின் தலைக்கு வீசுகிறவரும் பொறுப்பு. ஜூடோவில் இது மரியாதையாகவும் விதியாகவும் இருக்கிறது. வளையல், சங்கிலி, கொண்டை ஊசி எல்லாம் கழற்றி வைக்கப்பட வேண்டும். தலையில் அடிபட்ட பிள்ளை ‘ஒன்றுமில்லை சார்’ என்று சொன்னாலும் அன்றைக்கு வகுப்பு முடிந்தது. தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சில் குழறல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தாமதமின்றிப் பெரம்பலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ திருச்சிக்கோ கொண்டுபோக வேண்டும். தண்ணீர் தெளித்து, சோடா வாங்கிக் கொடுத்து, மறுபடி வரிசையில் நிறுத்தும் பழக்கம் உயிரைக் குடிக்கும்.

தரைக்கு வருவோம். இங்கேதான் பெரும்பாலானவர்கள் கைவிரிக்கிறார்கள். ஜூடோ மெத்தை நான்கைந்து சென்டிமீட்டர் தடிமன் உள்ளது. ஒரு வகுப்புக்குப் போதுமான அளவு வாங்கினால் அரசுப் பள்ளியின் விளையாட்டு நிதி தாங்காது என்பார்கள். ஆனால் மெத்தை வருவதற்கு முன்பே இந்த மண்ணில் மனிதர்கள் விழுந்து பழகியிருக்கிறார்கள். மற்போர் நடந்த கோதா என்பது கொத்திக் கிளறிப் பொலபொலவென்று ஆக்கிய மண். ஜல்லிக்கட்டுத் திடலில் வாடிவாசலுக்கு முன்னால் தென்னை நார்க்கழிவு பரப்புகிறார்கள், காளையும் மாடுபிடி வீரரும் விழுந்தால் அடிபடக் கூடாது என்பதற்காக. பெரும்பாலான அரசு உயர்நிலைப் பள்ளிகளில் நீளம் தாண்டும் மணல்குழி ஒன்று இருக்கிறது. பயிற்சிக்கு முன் மண்வெட்டியால் கிளறிவிட்டால், கல்லும் கண்ணாடிச் சில்லும் இல்லை என்று கையால் துழாவிப் பார்த்தால், படுத்தும் குந்தியும் விழப் பழக அதுவே போதும். வைக்கோலைத் தடிமனாகப் பரப்பி மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டலாம். பெரம்பலூர் பருத்தி விளையும் மாவட்டம். பஞ்சு மெத்தை தைக்கிறவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. நிற்கும் நிலையிலிருந்து வீசுவதற்கு மட்டும் முறையான மெத்தை இல்லாமல் இறங்கக் கூடாது. சிமெண்ட் வராந்தாவில் இதில் எதையுமே செய்யக் கூடாது.

முறையான மெத்தைக்கும் வழி இருக்கிறது. அரியலூர் சுண்ணாம்புக் கல்லின் மேல் எழுந்த சிமெண்ட் ஆலைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. 2013-ன் நிறுவனச் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் ஈட்டும் நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். இரண்டு மாவட்டத்துக்கும் வட்டாரத்துக்கு ஒரு பள்ளி வீதம் மெத்தை விரித்த ஓர் அறை என்பது அந்தப் பணத்தில் கண்ணுக்குத் தெரியாத செலவு. ஆலைகளிலும் குவாரிகளிலும் உயரத்தில் வேலை செய்கிறவர்கள் இந்தப் பிள்ளைகளின் அப்பாக்களும் அண்ணன்களும்தானே.

பிள்ளைகளோடு இது முடிந்துவிடுவதும் இல்லை. விழுவதால் அதிகம் இழப்பவர்கள் முதியவர்கள். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்த பாட்டி பல வீடுகளில் எழுந்து நடப்பதே இல்லை. நெதர்லாந்தின் நைமேகன் நகர ஆய்வாளர்கள் இதற்காக ஐந்து வாரப் பயிற்சி ஒன்றை வடிவமைத்தார்கள். தடைகள் வைத்த பாதையில் நடப்பது, சமநிலை, கூடவே தற்காப்புக் கலையிலிருந்து எடுத்த விழும் முறை. 2006-ல் வெளியான அவர்களின் ஆய்வில், பயிற்சி பெற்ற முதியவர்கள் விழுந்த எண்ணிக்கை 46 சதவீதம் குறைந்திருந்தது. விழக் கற்றவர்கள் குறைவாக விழுந்தார்கள் என்பதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். விழுந்துவிடுவோமோ என்ற பயத்திலேயே உடம்பை விறைத்துக்கொண்டு நடப்பதும், நடையையே குறைத்துக்கொள்வதும் முதியவர்களை மேலும் பலவீனமாக்கும் என்பது மருத்துவர்கள் அறிந்த செய்தி. அதே குழுவினர் பக்கவாட்டில் விழும்போது தற்காப்புக் கலை முறை இடுப்பு எலும்பில் இறங்கும் விசையைக் கணிசமாகக் குறைக்கிறது என்பதையும் அளந்து காட்டினார்கள். அவர்கள் தடிமனான மெத்தையில், பயிற்றுநர் பக்கத்தில் நிற்க, தாழ்ந்த நிலையிலிருந்துதான் தொடங்கினார்கள். இதைப் படித்துவிட்டு வீட்டுத் தாத்தாவைக் கூடத்தில் உருளச் சொல்லக் கூடாது. எலும்புத் தேய்மானம் உள்ளவர்களுக்கு மருத்துவர் ஒப்புதல் இல்லாமல் இது வேண்டவே வேண்டாம். ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தோடு சேர்ந்து முதியவர்களுக்குச் சமநிலைப் பயிற்சி நடத்துவது அரசால் முடியாத காரியமா?

கபில் பர்மார் என்ற பெயரைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும். மத்தியப் பிரதேசத்தின் செஹோர் பகுதிக்காரர். சிறுவயதில் வயலில் தண்ணீர் பம்பைத் தொட்டு மின்சாரம் தாக்கியதிலிருந்து பார்வை மங்கத் தொடங்கியவர். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் பார்வையற்றோருக்கான ஜூடோவில் 60 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றார். பாராலிம்பிக் ஜூடோவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அதுதான். தரை எங்கே வருகிறது என்று கண்ணால் பார்க்க முடியாத ஒருவர் ஆயிரக்கணக்கான தடவை விழுந்து எழுந்துதான் அந்த மேடையை அடைந்திருக்க முடியும். பம்புசெட்டும் வயலும் உள்ள எந்தக் கிராமத்துக்கும் அந்தக் கதை அந்நியமானதல்ல.

இந்த வித்தைக்கு எல்லை உண்டு. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றில் விழுகிறவரை உகேமி காப்பாற்றாது. கிணற்றுக்குச் சுவர்தான் வேண்டும். பனையிலிருந்தும் கட்டடச் சாரத்திலிருந்தும் விழுகிறவருக்குக் கயிறும் இடுப்புப் பட்டையும் தேவை. திருச்சி – சென்னை நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் விழுகிறவருக்குத் தலைக்கவசம்தான் துணை. விழக் கற்றுவிட்டேன் என்று அதைக் கழற்றி மாட்டினால் பயிற்சியே பகையாகும். நின்ற உயரத்திலிருந்தும், குறைந்த வேகத்திலும் விழும் அன்றாட விழுதல்களுக்குத்தான் இந்தப் பாடம். விழுந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் பலர் அந்த வகையைச் சேர்ந்தவர்கள்.

பெற்றோரிடம் தயக்கம் இருக்கும். பெண் பிள்ளை மண்ணில் புரள்வதா, சீருடை என்ன ஆவது, அடிபட்டால் யார் பொறுப்பு என்பார்கள். கேள்விகள் நியாயமானவை. பெண் பயிற்றுநர், தனி உடை, சுற்றி மறைப்பு உள்ள இடம், பெற்றோருக்கு முதல் வகுப்பிலேயே நேரடி விளக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் செய்து காட்ட முடியும். தலைமையாசிரியரும் உடற்கல்வி ஆசிரியரும் மனது வைத்தால் இவற்றில் எதற்கும் சென்னையிலிருந்து அரசாணை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

பயிற்றுநர்களுக்குத்தான் முதலில் பயிற்சி வேண்டும். இரண்டு மாவட்டத்து உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் தற்காப்புப் பயிற்றுநர்களுக்கும், தகுதி பெற்ற ஜூடோ பயிற்றுநர் ஒருவரை வைத்து விடுமுறையில் சில நாள் முகாம் நடத்தலாம். தலைக்காயத்தின் அறிகுறிகளை அரசு மருத்துவர் ஒருவர் அங்கேயே வந்து விளக்கலாம். சிலம்ப ஆசான்களையும் கபடிப் பயிற்சியாளர்களையும் கூட அழைக்க வேண்டும். ஊர் இளைஞர்கள் அவர்கள் சொல்வதைத்தான் கேட்பார்கள். மாவட்ட ஆட்சியர்களும் முதன்மைக் கல்வி அலுவலர்களும் வரும் கல்வியாண்டின் தற்காப்புப் பயிற்சி தொடங்குவதற்கு முன் இதை முடித்துத் தர வேண்டும். பிள்ளையைக் கராத்தேக்கோ சிலம்பத்துக்கோ அனுப்பும் பெற்றோர், கட்டணத்தைக் கட்டுவதற்கு முன் மாஸ்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “என் பிள்ளைக்கு விழுவதற்கு எப்போது சொல்லித்தருவீர்கள்?” ‘முதல் நாள்’ என்று பதில் வரும் இடத்தில் சேர்த்துவிடுங்கள்.